முனியப்பன் சேவலின் கழுத்து இறகு

நைனார்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை தமிழழகன் அவர்களுக்கு மாமனார் கந்தசாமி, முன்னாள் ஹவில்தார், எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை பச்சையம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். அமெரிக்காவில் நீங்களும் மகள் தமிழ்மொழியும் எல்லா விதத்திலும் சௌக்கியமாக இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. அந்த முனியப்பன் முகத்தில் விழிக்கிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. அதனால் தயவுசெய்து நீங்களே வேண்டிக்கொள்ளவும். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். வீடியோவில் என் முகத்தைப் பார்த்தால் என்ன மாமா என்று கேட்பீர்கள், நான் ஒன்றுமில்லை என்பேன், பின்னால் நிற்கிற உங்கள் அத்தை எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அவள் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். அங்கே சனிக்கிழமை ஆனால் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களைக் கூட்டிப்போய், பொய்ப்பூச்சி கட்டின தூண்டிலை வீசக் கற்றுக்கொடுப்பதாகவும், சண்டையை மனசிலிருந்து இறக்க முடியாதவர்களுக்கு அது ரொம்ப ஆறுதல் என்றும் சொன்னீர்கள். நம்ம பக்கம் நீங்கள் ஆரம்பியுங்கள் மாமா என்று நாலு கம்பு, தூண்டில் நரம்பு, முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி ஒரு டப்பா, எல்லாம் கொடுத்து, எனக்கும் வீசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். நம்பிக் கொடுத்தீர்கள். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

வகுப்பை நம்ம வீட்டுப் பின்புறக் களத்தில் வைத்தேன். முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் பக்கத்து வீட்டு ராமசாமி. எல்லையிலிருந்து வந்த நாள் முதல் வாசற்படி தாண்டாதவன், கல்யாண வெடி கேட்டாலே நெல்மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறவன். அவன் சம்சாரம் சாலம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள். நான் காலமெல்லாம் டிரில் சொல்லிக்கொடுத்தவன் ஆயிற்றே, நாலு பேரையும் ஒரே வரிசையில், ஒரு கை இடைவெளியில் நிறுத்தி, ஏக் என்றால் கம்பு பின்னால், தோ என்றால் முன்னால் என்று உத்தரவு போட்டேன். நாலு நரம்பும் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வரிசையில் நின்ற வெற்றிவேல் தோளில் இருந்த துண்டு போய் புளியமரத்தில் தொங்கியது. பின்னால் போன நரம்பு முழுசாக நீளும்வரை பொறுக்க வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். டிரில் வாத்தியாருக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? ஆனால் ராமசாமிக்கு இருந்தது மாப்பிள்ளை. அவன் என் உத்தரவைக் காதிலேயே வாங்காமல், கம்பைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, நிதானமாக முன்னால் விடுவான். நரம்பு சத்தமே இல்லாமல் மண்ணில் போய்ப் படுக்கும். சாலம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறியதுதான் எல்லாக் கேட்டுக்கும் ஆரம்பம்.

மற்ற மூணு பேரும் ஆசைக்கு முள்ளு கட்டி வீசி வீசி உங்கள் டப்பாப் பூச்சியெல்லாம் புளியமரத்துக்கே போய்விட்டது. நானே பூச்சி கட்டுவது என்று உட்கார்ந்தேன். அதற்குச் சேவல் கழுத்து இறகு வேண்டும். செம்பட்டையில் ஓரம் கறுப்போடிய கழுத்து இந்தத் தெருவிலேயே ஒரே சேவலுக்குத்தான். அது சாலம்மாள் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். புருஷன் படி தாண்டி நாலு பேரோடு பழக வேண்டும் என்று வேண்டி விட்டது. நேர்ந்துவிட்ட சேவல் எந்த வாசலில் வந்து மேய்ந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, அது பாட்டுக்கு நம்ம வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனா போகிறது. தெரிந்தேதான் பிடுங்கினேன். முனியப்பனும் மீசையும் அரிவாளுமாக நம்ம ஆள்தானே, பட்டாளத்துக்காரனுக்கு ரெண்டு இறகு தரமாட்டாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் விரல் தடிமனுக்கு முதலில் கட்டினதெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. ரெண்டு இறகு நாலாச்சு, நாலு போய் பாதிக் கழுத்து மொட்டையாச்சு.

அதைப் பார்த்த சாலம்மாள் அரண்டுபோனாள். ஊனப்பட்ட சேவல் சாமிக்கு ஆகாது. பூசாரியைக் கேட்டதற்கு, வேண்டுதலில் ஏதோ குறை என்று சொல்லிவிட்டார். புருஷன் மறுபடி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவானோ என்று அவளுக்குத் தூக்கமே போச்சு. என்னிடமே தூக்கிக்கொண்டு வந்து, இன்னா ஆச்சுன்னு பாருங்க மாமா என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அம்மை போட்டிருக்கு, மஞ்சள் பூசும்மா என்று வைத்தியம் சொன்னேன். அந்தப் புண்ணியவதியும் விடாமல் பூசினாள். மாப்பிள்ளை, உங்களைப் பெற்றவர்கள் இந்த வரியைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெள்ளிமலை பஸ் ஏறினோம். ராமசாமி வருவானா என்று எனக்கே சந்தேகம். வந்தான். சாலம்மாள் புளிசாதம் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். ஊரைத் தாண்டி ஓடை ஒன்று தேங்கி நிற்கிற இடம், நீங்கள் பார்த்து வைத்ததுதான். மத்தவங்க நரம்பெல்லாம் செடியில மாட்டிக்கினு கிடக்க, ராமசாமி மட்டும் நான் கட்டின பூச்சியை எடுத்து வீசினான். கெண்டை ஒன்று கவ்வியது. நீங்கள் சொன்னபடி கையை நனைத்துக்கொண்டு, முள்ளை எடுத்து, மீனைத் தண்ணீரிலேயே விட்டான். விட்டுவிட்டுச் சிரித்தான் மாப்பிள்ளை. அவன் பல்லை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே அந்தப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துச் சம்சாரத்திடம் நீட்டினான்.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, இது எங்க சேவலு இறகுதான?"

"கடையில வாங்கினதும்மா."

"அப்ப மஞ்சா எப்பிடி ஒட்டிக்கினு கீது?"

மஞ்சள் பூசச் சொன்னவனே மறுபடியும் போய்ப் பிடுங்கியிருக்கிறேன் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. அவள் கத்தவில்லை, திட்டவில்லை. பூச்சியை முந்தானையில் முடிந்துகொண்டாள். புளிசாதத்தை எல்லோருக்கும் வைத்தாள், எனக்கும் வைத்தாள். பஸ் மலை இறங்குகிறவரை ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. களத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், தாங்கிக்குவேன். அந்தப் பையனை வெளியே கொண்டுவந்ததும் நான், மறுபடி உள்ளே தள்ளினதும் நான் என்பதுதான் தாங்கவில்லை. வெக்கமா இருக்கு மாப்பிள்ளை, ரொம்ப வெக்கமா இருக்கு.

ஆகவே வகுப்பை மூடிவிட்டேன். நாலு கம்பையும் கோணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மாமனார் இந்த வித்தைக்கு வாத்தியார் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால், இறந்துவிட்டார் என்று சொல்லிவிடவும். நீங்களும் மகளும் பதினாறும் பெற்று, என்னைப் போல் யார் வீட்டுச் சேவலையும் தொடாமல், நீடூழி வாழ வேண்டுமென்று ஆசீர்வதிக்கும்,

கந்தசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால் ஆபீசுக்குச் செருப்பு மாட்டும்போது வாசலில் சாலம்மாள், இடுப்பில் சேவல். பின்னால் ராமசாமி, யாரும் கை பிடிக்காமல். அதனால் உறையைக் கிழித்து இதையும் எழுதுகிறேன். "நேத்து பூரா உங்களத் திட்டிக்கினே இருந்தேன் மாமா," என்றாள். "வாய் வலிச்சப்புறம்தான் யோசன வந்துது. இவரு படி தாண்டணும்னுதான நேர்ந்துக்கினேன், மலமேல போயி சிரிச்சிட்டே வந்துட்டாரு. சேவலு அது வேலைய முடிச்சிடிச்சி. இனிமே இது சாமிக்கு ஆவாது, நீங்களே வெச்சிக்கோங்க. சாமிக்கு வேற சேவலு நீங்கதான் வளத்துக் குடுக்கணும்." ராமசாமி என்னை அட்டென்ஷனில் நின்று பார்த்தான். "உஸ்தாத், நாளைக்கு பரேடு உண்டா?" என்று பட்டாளத்தில் டிரில் வாத்தியாரைக் கேட்கிற மாதிரியே கேட்டான். மைதானமே அதிரக் கத்தின நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆகவே மேலே எழுதியதில் சேவல் சமாச்சாரம் தவிர மற்றதைப் படிக்காததாக எண்ணிக்கொள்ளவும். கம்புகளை அனுப்பவில்லை. சின்ன முள்ளும் நல்ல நூலும் அனுப்பவும். இறகு மட்டும் வேண்டாம். அது என் கட்டில் காலில் கட்டிக் கிடக்கிறது, இதை எழுதி முடிக்கிறவரை ஒரு கண்ணால் என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறது.