ஏழாவது இனம்

“7. இதர – ரூ. 1,000.”

நல்லசிவம் அந்த வரியின் அடியில் சிவப்புப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டார். காகிதம் கிழிந்தது.

“பொத்தானை அமுக்குததுக்குப் பதினெட்டாயிரம். அதுல இன்னதுன்னே சொல்லாம ஆயிரம். கேக்க ஆள் இல்லன்னு நெனச்சிட்டானுவளா?”

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி வள்ளி நிமிரவில்லை. “செவ்வாக்கிழமை அவன் கிளம்புதான். அதுக்குள்ள ஒரு படம் வேணும். அவ்வளவுதான் எனக்கு.”

அவள் கேட்டதில் தப்பில்லை. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு வருடக் குடித்தனம். நான்கு பேரும் சேர்ந்து ஒரு படம் கிடையாது. செலவில்லாமல் நல்லசிவமேதான் எடுப்பார் என்பதால் அவர் எதிலும் இருக்கமாட்டார். செல்போனில் பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு ஓடிவந்த இரண்டு படங்களில் அவருடைய முதுகு மட்டும் இருக்கிறது. இப்போது மகன் கார்த்தி கடற்படைப் பயிற்சிக்குப் போகிறான். போனதும் முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அந்தச் சுருட்டை முடியோடு ஒரு படம் வேண்டும் என்பது வள்ளியின் ஆசை.

ஆனால் பதினெட்டாயிரம் என்பது நியாயமா? நல்லசிவம் ஓர் அமைச்சகத்தின் கணக்குப் பிரிவில் அதிகாரி. குண்டூசிப் பெட்டி வாங்கவும் மூன்று விலைப்புள்ளி கேட்பவர். இதற்கும் கேட்டார். மற்ற இருவரும் இருபத்திரண்டாயிரம், இருபத்தைந்தாயிரம் என்றார்கள். கையிலிருந்த ஆல்பர்ட் போட்டோஸ் காகிதம்தான் குறைவு என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். வீட்டு எதிரிலேயே பூங்கா இருக்கும்போது ஸ்டூடியோச் சுவருக்கு எதற்கு மூவாயிரம் வாடகை? மூன்றாவது இனத்தை நீக்குக. கடிதத்தைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். இந்தப் படத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை என்பதை வள்ளியிடம் சுட்டிக்காட்டவும் தவறவில்லை.

ஆல்பர்ட் டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது. அவனுக்குக் கணக்கு, கடிதம், விளக்குக்குக் குடை பிடிப்பது எல்லாம் சுபாஷிணி என்கிற மதுரைப் பெண்மணி. ஒரு மணி நேரத்தில் அவர் திருத்திய விலைப்புள்ளியை அனுப்பினார். ஸ்டூடியோ வாடகை நீக்கப்பட்டது. இதர, ரூ. 2,500.

நல்லசிவம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது கடிதம் எழுதினார். மேக்கப் வேண்டாம், படத்துக்குச் சட்டம் போடவும் வேண்டாம், ஒவ்வொன்றும் இரண்டாயிரம் சாப்பிடும் அந்த இரண்டு இனங்களையும் நீக்குக. பக்கத்து பிளாக் அபூர்வா அழகுக்கலை படிக்கிறாள், சும்மாவே செய்துவிடுவாள்.

இரண்டும் நீக்கப்பட்டன. இதர, ரூ. 5,500.

மூன்றாவது கடிதத்தில் அவர் எழுத்தே சாய்ந்துவிட்டது. சூரியன் இலவசமாகக் காயும்போது விளக்குக்கு எதற்கு இரண்டாயிரம்? விளக்கும் நீக்கப்பட்டது. இதர, ரூ. 11,000. ஆகமொத்தம் பத்தொன்பதாயிரம்.

“கழிக்கக் கழிக்கக் கூடுத கணக்கை எந்த ஊர்ல பாத்திருக்க?” என்று வள்ளியிடம் கேட்டார். அவள், முதல் காகிதத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றாள்.

நேரே போன் போட்டார்.

“இதரங்கிறதுக்கு விளக்கம் வேணும்மா.”

“படம் எடுத்து முடிச்சதும் சொல்றேன் சார்,” என்றார் சுபாஷிணி. “முன்னாடியே சொல்லிட்டா படம் நல்லா வராது.”

இது என்ன பதில்? எந்த அலுவலகத்திலாவது செல்லுமா? ஆனால் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வள்ளி பேசுவதையே நிறுத்தியிருந்தாள். ‘எதிர்ப்புடன் ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி என்று நேரம் குறித்தவரும் அவரே. ஜனவரி மாத டெல்லியில் ஒன்பது மணிக்குச் சூரியனை யாரும் பார்த்ததில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பனியில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. பூங்காவின் பாதியை ஒரு சத்சங்கத்தின் ஷாமியானா பிடித்துக்கொண்டிருந்தது, மறுபாதியில் கிரிக்கெட். கோணி ஸ்வெட்டர் போட்ட இரண்டு நாய்கள், குடும்பத்தோடு நிற்க வேண்டியவை தாங்களும்தான் என்று முடிவுசெய்து, நடுவில் வந்து உட்கார்ந்தன.

அபூர்வாவுக்கு இதுவரை மணப்பெண் அலங்காரம் மட்டும்தான் பாடம் நடந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் பிரியதர்ஷினியை அவள் அப்படியே அனுப்பிவைத்தாள். வாக்கிங் வந்த பஞ்சாபி ஆன்ட்டி ‘ஷாதி முபாரக்’ சொல்லிவிட்டு மாப்பிள்ளையைத் தேடினார். பிரியதர்ஷினி அழுதுகொண்டே பூங்காக் குழாயில் முகம் கழுவினாள். ஐஸ் தண்ணீரில் மூக்கு தக்காளியாகச் சிவந்தது.

பனி விலகும்வரை காத்திருக்கலாம் என்றான் ஆல்பர்ட். காத்திருக்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் பதினோராயிரமா என்று நல்லசிவம் கேட்டார். சுபாஷிணி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

பதினொரு மணிக்கு வெளுத்தது. நல்லசிவம் எல்லாரையும் பெஞ்சில் உயர வரிசையில் உட்காரவைத்தார். கைகளை முழங்காலில் வைக்கச் சொன்னார். காமிராவை இன்னும் இரண்டடி பின்னால் கொண்டுபோகச் சொன்னார்.

“அங்கிள், தோடா... கொஞ்சம் ரிலாக்ஸ். நேச்சுரலா பேசிட்டிருங்க,” என்றான் ஆல்பர்ட்.

அவர் இயல்பாகப் பேசினார். பெட்ரோல் விலையையும் காமிரா விலையையும் வைத்து ஒரு மணி நேர வாடகை எவ்வளவு வரும் என்று. ஆல்பர்ட் படங்களைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“ஏன்யா, ஒரு படத்துக்குத்தான பேச்சு? எத்தனை எடுத்திருக்க?”

“நூத்தி நாப்பது.”

“மிச்சம் நூத்தி முப்பத்தொம்பதுக்கும் யாரு குடுக்கது?”

“பஸ்ப்பா, போதும்,” என்றான் கார்த்தி.

காமிராவின் திரையில் ஆல்பர்ட் காட்டினான். வள்ளி சரியாக இருந்தாள், பிள்ளைகள் சரியாக இருந்தார்கள். நூற்று நாற்பதிலும் நல்லசிவத்தின் வாய் திறந்திருந்தது. சிலவற்றில் ஆள்காட்டி விரலும் நீண்டிருந்தது. காமிராவில் ஏதோ கோளாறு என்றார் அவர்.

மூன்றரை மணிக்கு ஒருவழியாக வெயில் வந்தது. மஞ்சளாக, சாய்வாக, கார்த்தியின் சுருட்டை முடியில் வந்து நின்றது. ஆல்பர்ட் வாட்சைப் பார்த்தான். பிளாக்குக்குப் பின்னால் சூரியன் இறங்கப் பத்து நிமிடம்கூட இல்லை.

வள்ளி எழுந்துவிட்டாள்.

“போதும். இருபத்திரண்டு வருஷம் படமில்லாம இருந்தாச்சு. இனியும் இருந்துட்டுப் போறோம்.” குரல் உயரவில்லை. தலையில் வைத்திருந்த பூவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

நல்லசிவம் அந்தப் பையையே பார்த்தார். செவ்வாய்க்கிழமை ரயில், வெட்டப்போகிற முடி, பூவை வைத்த கைப்பை எல்லாம் சேர்ந்து ஒரு கணக்காக வந்தது. அதில் கழிக்க எதுவும் இல்லை. அவர் போய் வள்ளியின் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். பூவை எடுத்து அவரே, கோணலாக, வைத்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பின்னால் வந்து நின்றார்கள். அவர்கள் முகமும் கல்லாக இருந்தது.

“ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேன்,” என்றார் நல்லசிவம். “அதுக்குப் பதில் வந்துட்டா அப்புறம் வாயே தெறக்கமாட்டேன். வள்ளி மேல சத்தியம்.”

ஆல்பர்ட் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல், சொல்லிவிடுங்கள் அக்கா என்பதுபோல் சுபாஷிணிக்குக் கையைக் காட்டினான்.

“அந்த ஏழாவது இனம், இதர. அது என்ன?”

இன்று அந்தப் படம் ஹாலில், அவர் பேரம் பேசிப் போட்ட சட்டத்துக்குள், சற்றே கோணலாகத் தொங்குகிறது. வள்ளி கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். பிரியதர்ஷினி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கார்த்தியின் சுருட்டை முடி வெயிலில் பறக்கிறது. நடுவில், சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு, வாயை இறுக மூடிக்கொண்டு விழித்தபடி நல்லசிவம். எந்த ஊர் சித்தப்பா வந்து பார்த்தாலும், பத்தொன்பதாயிரத்துக்கு இது தகும் என்று நல்லசிவமே சொல்கிறார். சுபாஷிணி பதில் சொன்ன அந்த நொடியில் எடுத்த படம் அது.

“அது நீங்கதான் சார்.”