நொச்சிப் பள்ளத்துக்கு ஒரு சிறப்புரை

துடியலூர்ப் பக்கம் நொச்சிப் பள்ளம் என்று ஓர் ஓடை உண்டு. மழை பெய்தால் அதில் தண்ணீர் போகும். பெய்யாவிட்டால் ஆடு போகும். தண்ணீரைவிட ஆடுதான் அதிகம் போகிறது என்று கண்டுபிடித்த அரசாங்கம், வரைபடத்தில் ஓடையை அடித்துவிட்டுச் சாலை என்று எழுதத் தீர்மானித்தது. ஆனாலும் ஜனநாயகம் என்று ஒன்று இருக்கிறதே! சுற்றுச்சூழல் சொற்பொழிவு ஒன்று நடத்த வேண்டியது, அதில் பொதுமக்களில் ஒருவராவது ஆட்சேபம் சொன்னால் ஓடை, சொல்லாவிட்டால் சாலை என்று ஆணை பிறந்தது.

பேச அழைக்கப்பட்டவள் மதிவதனி. புவியியல் படித்தவள். அந்தப் பள்ளத்தை மலையடிவாரத்திலிருந்து கடைசிவரை நடந்தே பார்த்தவள். காலில் குத்திய முள்ளைக்கூடப் படம் எடுத்து வைத்திருந்தாள். அழைப்பிதழில் ‘முனைவர் மதிவதனி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஒரே ஓர் ஆட்சேபம் போதும், பள்ளம் பிழைத்துவிடும். பள்ளத்தோரம் குடியிருக்கும் மயிலாத்தாள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நீ பேசி முடி கண்ணு, மொத ஆளா நான் கையத் தூக்கறேன்” என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

விழாக்குழுத் தலைவர் மயில்சாமி மைக்கைப் பிடித்தார். நல்ல மனுஷர். யாராவது விட்டுப்போய்விடுவார்களோ என்பது ஒன்றுதான் அவருக்கு வாழ்நாள் பயம். அதிகாரிகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அப்புறம் முன்னாள் அதிகாரிகள். அப்புறம், அதிகாரியாகியிருக்க வேண்டியவர்கள். பந்தல் போட்டவரைக் கூப்பிட்டதும் மைக் செட்காரர் முகம் சுருங்கியது, அவரையும் கூப்பிட்டார். பலமாகக் கை தட்டியவர்களைக் கௌரவித்தார். தட்டாதவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அவர்களையும் கௌரவித்தார். பொன்னாடை தீர்ந்துபோனது. முதலில் வாங்கியவர்களிடம் இரவல் வாங்கிப் போர்த்தினார்கள்.

பந்தலில் இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக மேடை ஏறின. மேடையில் உட்கார்ந்திருந்த மதிவதனி பதறிப்போய் எழுந்து, வருவாய்த் துறை அதிகாரி கோவிந்தராஜுலுவிடம் ஓடினாள்.

“சார், நான் எப்பங்க பேசறது?”

“பேசலாமுங்க, என்ன அவசரம்? சிறப்புரை கடைசியிலதானுங்க வரும். அதனாலதான் அது சிறப்புரை.”

திரும்பிப் பார்த்தால் அவளுடைய நாற்காலியில் டீ கொண்டுவந்தவர் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் நிற்க இடமில்லாமல் அவள் கீழே இறங்கினாள். அந்த இடத்தில் மயிலாத்தாள் ஏறினாள். ஊரே மேலே இருந்தது. பந்தலில் மதிவதனி மட்டும் தனியாக நின்றாள்.

கோவிந்தராஜுலு தொண்டையைச் செருமினார். “பொதுமக்கள் யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்குதுங்களா?”

“எனக்கு இருக்குதுங்க!” மதிவதனி இரண்டு கையையும் தூக்கினாள்.

“நீங்க சிறப்பு விருந்தினருங்க. பொதுமக்கள்ல வரமாட்டீங்க.”

“அப்ப மேடையில இருக்கறவங்க?”

“அவங்க பிரமுகருங்க.”

“பொதுமக்கள் யாருங்க அப்ப?”

“அதைத்தானுங்க நானும் தேடறேன்.”

“மயிலாத்தாக்கா, கையத் தூக்குங்க!” என்று கத்தினாள் மதிவதனி.

மயிலாத்தாள் பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள். “மேல உக்கார வெச்சு மரியாதை பண்ணிருக்காங்க அம்மணி. இப்பப் போயி எதுத்துப் பேசினா நல்லாவா இருக்கும்?”

ஆட்சேபம் ஏதும் பெறப்படவில்லை என்றும், கேட்க ஆளில்லாத காரணத்தால் சிறப்புரை ஆற்றப்பட்டதாகவே கருதப்படும் என்றும் அறிவித்தார் கோவிந்தராஜுலு. மேடை அதிரக் கைதட்டல். இனி இந்த ஊர் மண்ணை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள் மதிவதனி.

பள்ளத்தை மூடிச் சாலை போட்டார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் வழி தெரியாமல் அந்தப் பிரமுகர்கள் அத்தனை பேர் வீட்டுக்குள்ளும் புகுந்து விசாரித்துவிட்டுப் போனது. அது வடிந்த கையோடு மயில்சாமி மதிவதனி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. சாலைக்கு உங்க பேரையே வெச்சுப்போட்டோமுங்க. திறப்பு விழாவுக்கு நீங்கதான் வரோணும்.”

செல்போனில் பெயர்ப்பலகையின் படத்தைக் காட்டினார். கதவைச் சாத்தப் போன மதிவதனி அதை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

“ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! முனைவர்ங்கறது எங்கீங்க?”