உறுமல் நின்ற சாயங்காலம்

"கிராணியாரே, உள்ள வண்டு ஏதும் பூந்துருச்சா?"

கோயில் செயலாளர் கணேசமூர்த்தி ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டார். குமாஸ்தா கருணாகரன் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தான். வண்டாக இருந்தால் எப்போதோ அடித்துக் கொன்றிருப்பானே. மைக்கில் வரும் குரலை வாங்கிப் பெருக்கி அனுப்பும் வால்வுப் பெட்டி அது; ஆபீஸ் முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து அவனே செய்தது. யாரும் பேசாவிட்டாலும் அது மட்டும் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு மெர்டேக்கா. மண்டபத்துல ஊரே உக்காந்திருக்கும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இது நிக்கலைன்னா டவுன்லேருந்து வாடகை செட்டு வந்துரும். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

நாடு சுதந்திரமாகும் அன்று நம் கையால் செய்த செட்டுதான் பேசப்போகிறது என்று காஜா பேராங் வட்டாரம் முழுக்கக் கருணாகரன் தம்பட்டம் அடித்துவிட்டான். வாடகை செட்டு வந்தால் தெருவில் தலைகாட்ட முடியுமா?

பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தான். வால்வுகளுக்குப் போகும் கம்பிகளைப் பின்னிப் பார்த்தான். உறுமல் கொஞ்சம் தணிந்தது. தணிந்த இடைவெளியில் மலாய்ச் செய்தி கேட்டது.

"பரவாயில்லையே, ரேடியோவும் சேர்த்தே செஞ்சிட்டீங்களா?" என்றாள் மனைவி மல்லிகா, அடுப்படியிலிருந்து.

எர்த் சரியில்லை என்று முடிவுகட்டி, பெட்டியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கம்பி இழுத்தான். செய்தி நின்றது. உறுமல் இரண்டு மடங்கானது. பக்கத்து வீட்டு மீனாச்சி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"மல்லிகா, ஒங்க வீட்டுக்காரரு பைப்புல கரண்டு விடுறாரா? தொட்டா சுள்ளுங்குது."

கம்பியைப் பிடுங்கினான். அடுத்து, தகர உறை போட்டால் அடங்கும் என்று மல்லிகாவின் முறுக்கு டின்னைக் கவிழ்த்தான். முறுக்கு எறும்புக்குப் போனது. டின் உறுமலோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. மல்லிகா அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சிவகாமசுந்தரி அம்மாளின் பஜனைக் குழு மூன்று வாரமாகக் கோயில் மண்டபத்தில் இந்த இழவோடுதான் பாடிப் பழகுகிறது. பாவம், ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பார்களா? அதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

விடிந்ததும் புத்தியில் பட்டது. வால்வைச் சூடாக்கும் மின்சாரமே உறுமுகிறது. அதற்கு மட்டும் பேட்டரி கொடுத்தால்? மைத்துனன் ஜெயபாலனின் மோட்டார் சைக்கிளில் ஆறு வோல்ட் பேட்டரி இருந்தது.

"மச்சான், இன்னிக்கு ஊர்வலத்துல ஓட்டணும். நான் என்ன, தள்ளிக்கிட்டா போறது?"

"ஒரு நாள்தானே, தள்ளுப்பா. என் மானம் போவுது."

பேட்டரியை மாட்டினான். உறுமல் இல்லை. அணைந்துவிட்டதோ என்று மைக்கை விரலால் தட்டினான், டொக் என்றது. கணேசமூர்த்தி வந்து காதை வைத்துப் பார்த்து, வாடகை செட்டு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்.

சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. செயலாளர் பேசினார், வார்த்தைக்கு வார்த்தை கண்ணாடி மாதிரி கேட்டது. கருணாகரனுக்குக் கண் கலங்கியது. அடுத்து பஜனை.

சிவகாமசுந்தரி அம்மாள் மைக் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி எடுத்தார். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி மேலே போனாள், ஒருத்தி கீழே போனாள், இரண்டு பேர் நிறுத்தியே விட்டார்கள். கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது. அம்மாள் கருணாகரனைக் கைகாட்டி அழைத்தார். அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"ஏன் தம்பி, மூணு வாரமா அஞ்சு கட்டையில அசையாம சுருதி போட்டுக் குடுத்தீங்க, அதைப் பிடிச்சுத்தானே நாங்க பாடிப் பழகினோம், இன்னிக்குன்னு பாத்து அதை ஏன் நிறுத்திட்டீங்க?"