விலைவாசி அமைச்சர்

விளையாட வந்த இடத்தில் நாட்டைத் திருத்துகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நாலு பேர் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்தால் காயைத் தொடமாட்டார். "முதல்ல இந்த விதியையே மாத்தணுங்க" என்று ஆரம்பிப்பார். பிள்ளைகள் நொண்டியாடும் இடத்தில் நின்று, கட்டத்தின் அகலம் போதாது என்பார். நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனால் தண்ணீரில் எவ்வளவு மருந்து கலக்கிறார்கள், யார் அளந்து கலக்கிறார்கள், அளந்தவருக்கு அளக்கத் தெரியுமா என்று காவலாளியைக் குடைந்து எடுப்பார். தண்ணீரில் மட்டும் இறங்க மாட்டார்.

நாம் மாதிரிக்கு எடுத்துக்கொண்டவர் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவர். தங்கமான மனுஷர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் கடை மேனேஜர், யாரும் கூப்பிடாமலே செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். வீட்டில் அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவார், உள்ளே அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். இப்படிச் சொல்ல வேண்டியதெல்லாம் வருஷக்கணக்காக உள்ளேயே தேங்கிக் கிடந்த வேளையில்தான் தங்கை அவருக்கு ஒரு விளையாட்டைக் காட்டினாள். பாவம், நல்லதுதான் நினைத்தாள்.

கணினியில் ஆடுகிற ஆட்டம் அது. ஆனால் படம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒரு துறைமுக ஊர். சேர்கிற ஒவ்வொருவரும் அந்த ஊரில் ஓர் ஆளாக வேஷம் கட்டி, தான் செய்வதையும் சொல்வதையும் எழுதிக்கொண்டே போக வேண்டும். நடத்துகிறவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அதில் அவருக்கு வரும்படி ஒரு பைசா இல்லை, கைக்காசுதான் கரைகிறது, ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'முதலாளி'. புதிதாக வருகிறவர்கள் கூச்சப்படாமல் எழுதட்டும் என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஊருக்குள் எங்கே நின்று எழுதினாலும் சரி, சொல்லுக்கு ஒரு வெள்ளிக்காசு தானாகவே பையில் விழும்.

இதில் தங்கை ஓடக்காரி. நிஜத்தில் அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். உள்ளே மிஷின் சத்தம் கேட்டு வெளியே இருப்பவர்கள் முகம் வெளிறுகிற இடைவெளியில் நாலு வரி எழுதுவாள். ஓடக்காரி என்று பெயர்தானே தவிர ஓடம் கிடையாது. சேர்த்த காசுக்குத் துடுப்பு மட்டும்தான் கிடைத்தது. தினமும் துறைக்கு வருவாள், துடுப்பைத் துடைப்பாள், கடலைப் பார்ப்பாள், போய்விடுவாள். 'துடுப்பக்கா' என்று ஊரே கேலி செய்தது. ஊரில் எல்லோர் பையிலும் காசு புரளவே விலையும் கூடியது; அவள் காசு மாடி ஏறினால் ஓடத்தின் விலை மொட்டைமாடி ஏறிற்று.

நம்மவர் உப்பு வியாபாரியாகச் சேர்ந்தார். முதல் நாள் ஒழுங்காக உப்பு நிறுத்தார். இரண்டாம் நாள் தங்கையிடம் கேட்டார்.

"ஏம்மா, ஓடக்காரின்னு சொல்ற, ஓடத்தக் காணோமே?"

"எங்கண்ணா வாங்குறது? விலை ஏறிக்கிட்டே போகுது."

"ஏறுதா?" அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "நீ கவலையே படாத. இத நான் சரி பண்றேன்."

இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகும் நிம்மதியாக இருந்த குடும்பம் எங்காவது உண்டா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவருக்குத் தங்கை மேல் உயிர். அவள் அந்த ஓடத்தில் ஏறி உட்காருவதைப் பார்த்துவிட்டால் போதும் என்று உள்ளபடியே ஆசைப்பட்டார். இந்த ரகத்தின் மேல் நமக்குக் கோபம் வராமல் போவதற்குக் காரணமே இதுதான்.

அன்றே உப்பு மூட்டையை மூலையில் சாத்திவிட்டு ஊர்ச் சபை மண்டபத்துக்குள் போனவர்தான், அப்புறம் வெளியே வரவில்லை. காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு உரை, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு உரை, மாலையில் வீடு திரும்பியதும் காலையில் பேசியதற்கு ஒரு விளக்கவுரை, அந்த விளக்கம் யாருக்கும் விளங்கவில்லை என்பதால் ஒரு தெளிவுரை. காசு என்றால் என்ன, காசு ஏன் காசு, காசு இல்லாவிட்டால் காசு என்னவாக இருந்திருக்கும்? மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக எதிரே மிக்ஸி ஓடவில்லை.

முதல் சீர்திருத்தம் இது. கடைகளில் விலையை மனம்போனபடி வைக்கக் கூடாது. ஊரில் மொத்தம் எவ்வளவு காசு இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி விலை தானாகவே ஏறி இறங்க வேண்டும். நழுவாமல் மிஞ்சியவர்களுக்குப் பாதி புரியவில்லை. புரியவில்லை என்பதாலேயே சரியாகத்தான் இருக்கும் என்று கை தூக்கினார்கள். முதலாளியும் ஆட்டத்தை அப்படியே மாற்றி அமைத்தார். நம்மவருக்கு 'அமைச்சர்' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது சீர்திருத்தத்துக்கு ஓட்டுப் போட ஆள் வரவில்லை. அமைச்சர் அசரவில்லை. விலைவாசியைக் குறைக்கும் கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஆளுக்கு நூறு காசு, சபைக் கணக்கில் புதிதாக அடித்துத் தரப்படும் என்று அறிவித்தார். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் ஓட்டுப் போட்டு, காசு வாங்கி, திரும்பிப் போகிற வழியில் ரொட்டி விலையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். எண்ணெய் ஊற்றித் தீயை அணைக்க முடியாது என்று நமக்குத் தெரியும். அமைச்சரைக் கேட்டால், எந்த எண்ணெய் என்று ஆராய ஒரு குழு போடுவார். போட்டார்.

இந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு சேதி சொன்னார். வருகிற ஞாயிறு மாலை, கடலுக்கு நடுவே இருக்கும் கலங்கரை விளக்கத் தீவு திறக்கிறது. இத்தனை நாள் யாரும் போகாத தீவு. அதற்குள் முதல் ஓடத்தை யார் வாங்குகிறாரோ, தீவுக்குப் போகிற துறை அவர் பேரில். தங்கைக்கு இரண்டு நாளாகக் கை ஓடவில்லை. ஏழாம் நம்பர் டோக்கனை மூன்று பேருக்குக் கொடுத்து, மூன்று பேரும் வீங்கிய கன்னத்தோடு சண்டை போட்டார்கள்.

சனிக்கிழமை அவள் அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, நீ வர்றதுக்கு முன்னாடி ஓடம் ஆயிரத்துச் சொச்சம். இப்ப பத்தாயிரத்துக்கு மேல. நீ சரி பண்ணப் பண்ண அது ஏறுது."

"நோய் வெளிய வருதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டே ரெண்டு உரை..."

"நாளைக்குத் தீவு திறக்குதுண்ணா! எனக்கு அந்தத் துறை வேணும். வேற எதுவும் நான் கேக்கல."

ஞாயிறு மதியம் அமைச்சர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். மண்டபத்தில் உட்கார்ந்து பேசியது போதும், நேரே துறைக்குப் போய் ஓடக்கடையை ஆய்வு செய்துவிடுவோம் என்று கணினி முன் உட்கார்ந்தார். தங்கை பின்னால் வந்து நின்றாள். 'உப்பு வியாபாரி எழுந்து துறையை நோக்கி நடந்தான்' என்று எழுதினார்.

ஆட்டம் பதில் சொன்னது: 'சுமை அதிகம். உங்களால் நகர முடியவில்லை.'

'ஓடினான்' என்று எழுதினார். அதே பதில். 'தவழ்ந்தான்' என்று எழுதினார். அதே பதில். 'உருண்டான்' என்றுகூட எழுதிப் பார்த்தார். அமைச்சருக்கு ஆத்திரம் வந்தது. முதலாளிக்குப் போன் போட்டார்.

"என்ன முதலாளி, ஆட்டம் பழுதாயிருச்சா?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வெறும் வயித்துல போடாதீங்க."

"எனக்கு எதுக்குங்க மாத்திரை?"

"அட, உங்களுக்கு இல்ல அமைச்சரே, கடைக்கு வந்தவருக்கு. பழுதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆட்டத்துல காசுக்கு எடை உண்டுல்ல? பையத் திறந்து பாருங்க."

"என் பையிலயா? நான்தான் ஒத்தக் காசு செலவு பண்றதில்லையே!"

"அதான் சொல்றேன், திறந்து பாருங்க."

தங்கை குனிந்து பையைத் திறந்தாள். எண் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிற்று. சொல்லுக்கு ஒரு காசு. உரை, விளக்கவுரை, தெளிவுரை, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, எல்லாம் மண்டபத்துக்குள் பேசியது. மண்டபம் ஊருக்குள் இருந்தது. ஊரில் காசு கூடினால் விலை கூட வேண்டும் என்று கை தூக்க வைத்ததும் அவரேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஊரையே சேர்த்துக் கெடுத்திருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடி அது, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி?"

"ஊர்ல இருக்கிற காசுல முக்கால்வாசி அண்ணன் பையிலதாம்மா இருக்கு."

"அட, என் ராசா! அப்படியே டைல்ஸ் கடையிலயும் கொஞ்சம் சம்பாதிக்கக் கூடாதா?"

அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பினார். "இந்தா, எல்லாத்தையும் நீயே எடுத்துக்க. போய் ஓடத்த வாங்கு."

"வேணாம். அப்ப அது உன் ஓடம். நான் டோக்கன் கொடுக்கிற நேரத்துல நாலு நாலு வரியா எழுதிச் சேத்தேன். அந்தக் காசுலதான் வாங்குவேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ உன் காசக் கடல்ல கொட்டு. விலை தானா இறங்கும். நீ வச்ச விதிதானே?"

நியாயம். மண்டபத்து ஜன்னலுக்குக் கீழே கடல். கொட்டுவதையும் எழுதித்தான் கொட்ட வேண்டும். அமைச்சர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், வெயில் தாழும்வரை எழுதினார். ஊர்மக்களே என்று தொடங்கி, தியாகம் என்றால் என்ன என்று விளக்கி, காசின் நிலையாமையைத் தொட்டு, தன் சீர்திருத்தங்களைத் திரும்பிப் பார்த்து, கடைசி வரியில் காசுப் பையைக் கவிழ்த்தார். கொட்டியது கொட்டியபடி போயிற்று. பேசியதற்கான கூலி மட்டும் கலகலவென்று பையில் வந்து விழுந்தது.

தங்கை ஓடக்கடைக்கு ஓடினாள். விலை தடதடவென்று இறங்கி வந்து, அவள் பையிலிருந்த காசுக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டது. கையெட்டும் தூரம். ஆனால் எட்டவில்லை.

"அண்ணா!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கொட்டுறதுக்கும் கூலி வாங்கிட்டியே! அதையும் கொட்டு. ஒரே வார்த்தையில."

"ஒரே வார்த்தையிலயா? ஒரு முன்னுரையாவது..."

"தீவு திறக்கப் போகுது!"

ஒரே வார்த்தை. நீங்கள் சிரிக்கிறீர்கள், அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நெற்றியில் வியர்வை அரும்பியது. 'கொட்டினேன்' என்று எழுதிவிட்டார். உடனே விரல் தானாகக் காற்புள்ளியை நோக்கி நகர்ந்தது. தங்கை அந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே அனுப்பினார்கள்.

ஓடம் விலை படிந்தது. துடுப்பக்கா வாங்கிவிட்டாள்! வீட்டுக்குள் மூன்று பேரும் கத்திய கத்தலில், என்ன நடந்தது என்று தெரியாமலே எதிர்வீட்டுக்காரர் வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். 'ஓடக்காரி துடுப்பைத் தண்ணீரில் வைத்தாள்' என்று அவள் எழுதினாள். அதை எழுதும்போது சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஊரே துறையில் வரிசையாக நின்றது. ஆளுக்கு ஒரு காசு கூலி. உப்பு வியாபாரியின் பையில் இருந்ததும் சரியாக ஒரே காசு, 'கொட்டினேன்' என்ற சொல்லுக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்துவிட்டு, இத்தனை மாதத்தில் முதல்தடவையாக லேசாக எழுந்து நடந்து, ஓடத்தில் ஏறி உட்கார்ந்தார். கடல் நன்றாகத்தான் இருந்தது. தீவின் விளக்கு தெரிந்தது. தங்கை துடுப்புப் போடுவதைப் பார்த்து மனம் நிறைந்துபோனார். பாதி தூரம் வரை வாயே திறக்கவில்லை.

பாதி தூரம் வரைதான்.

"ஓடக்காரி," என்றார், "இந்த ஆளுக்கு ஒரு காசுங்கிற கட்டணத்தப் பத்தி எனக்கு ஒரு சின்ன யோசனை..."

ஓடக்காரி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டாள். "இங்க கடல் ரொம்ப ஆழம்" என்று மட்டும் எழுதினாள்.

அவர் கதையை விடுங்கள், அவர் கரை சேர்ந்துவிடுவார். எனக்கு இப்போது உங்களைப் பற்றித்தான் கவலை. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'சொல்லுக்கு ஒரு காசு என்கிற விதியைத்தானே முதலில் எடுத்திருக்க வேண்டும்? இதுகூடவா தெரியாது?' என்று உங்களுக்குத் தோன்றியது, இல்லையா? அதை நாலு பேருக்கு விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நாக்கு லேசாகத் துறுதுறுக்கிறது, இல்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து நாலடி நடந்து பாருங்கள். நகர முடிகிறதா?