வாள்வீச்சு சாம்பியனுக்கு நான் போர்த்திய பொன்னாடை

பிரபலமான ஒருவரைக் கண்டால் பொன்னாடை போர்த்தாமல் என்னால் இருக்க முடியாது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்துக்குப் பதினொரு வருடம் செயலாளராக இருந்ததால் வந்த வியாதி. (மருந்து இல்லை. மனைவி தேடிப் பார்த்துவிட்டாள்.)

என் மகள் தரணி பழகும் வாள்வீச்சுக் கழகத்துக்கு உக்ரைன் நாட்டுச் சாம்பியன் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அந்தப் பெண்ணின் ஆட்டம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. நாட்டில் குண்டு விழ, ஒரு பையோடு வெளியேறி, ஊர் ஊராகத் தங்கிப் பயிற்சி எடுத்துப் பதக்கங்களை அள்ளியவர். பையோடு வெளியேறுவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவர் வென்றால் நான் அழுவேன். தோற்றால் சாப்பிட மாட்டேன். (இரண்டாவது கொஞ்சம் மிகை.)

அவரோடு ஐந்து புள்ளிக்கு ஒரு ஆட்டம் ஆட, கழகத்தில் ஒரே ஒரு பிள்ளையைத் தெரிவு செய்தார்கள். அது பதினைந்து வயதுத் தரணி. சாம்பியனிடம் ஒரு புள்ளியாவது எடுத்துவிட வேண்டும் என்று மூன்று மாதம் பழகினாள்.

"அப்பா, ப்ளீஸ், நீங்கள் வந்து சும்மா இருந்தால் காணும். ஸ்பீச் வேண்டாம்."

"ஓம், நான் வாயே திறக்க மாட்டன்," என்றேன். பொன்னாடை அப்போதே கோட்டுக்குள் இருந்தது.

கார் நிறுத்த இடம் தேடி நான் ஓடி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. சாம்பியனைப் பார்க்க வந்த கூட்டத்தில் நிற்கவும் இடமில்லை. இருவருக்கும் வெள்ளை உடை, வலை முகமூடி, ஒரே உயரம். பெயர் முதுகில் எழுதியிருந்ததாம். நான் பார்த்தது முன்பக்கத்தை.

சட்டென்று, புள்ளி எடுத்தவரைக் காட்டும் விளக்கு வலப்பக்கத்தில் எரிந்தது. கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. வலப்பக்கத்தில் நின்றவர் வாளை உயர்த்தித் துள்ளினார். வேறு யார், சாம்பியன்தான்! நடுவர் "சேர்! ஸ்டாப்!" என்று கூவக் கூவ நான் பாய்ந்து போய்ப் பொன்னாடையைப் போர்த்தி, "உலகம் போற்றும் வீராங்கனையே!" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

முகமூடிக்குள்ளிருந்து தமிழ் வந்தது.

"அப்பா, தயவுசெய்து போய் இருங்கோ."

எதிரே நின்றவர் முகமூடியைக் கழற்றினார். அவர்தான் சாம்பியன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு ஆட்டம் தொடர்ந்து, ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது. அந்த ஒன்றைத்தான் நான் போய்க் குழப்பியிருந்தேன்.

 திரும்பும்போது காரில் தரணி மெல்லக் கேட்டாள்: "நான் பொயின்ட் எடுப்பன் எண்டு நீங்கள் நினைக்கவே இல்லை, என்னப்பா?"

பொய் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. "ஓமம்மா," என்றேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

இன்றைக்கும் அவளைக் கூட்டிவர நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினால், மனைவி வாசல்வரை வந்து சொல்வாள்: "இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை போட்டோ ஒண்டு கொண்டு போங்கோ. வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ."