தலைக்கு மேல் வேலை

பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து சட்டப்படி விலகுவது என்று முடிவு செய்தேன். காரணம் சோம்பலா, முதுகுவலியா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் வருவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

முந்தின நாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். நாற்காலி, மேசை, முதுகுத்தண்டு மூன்றுக்கும் உள்ள உறவைச் சட்டத்தோடு விளக்கினார். வேலைக்காக ஆள் வளையக் கூடாது. ஆளுக்கேற்ப வேலையை அமைப்பது முதலாளியின் கடமை. வலித்தால் உடனே சொல்வது தொழிலாளியின் கடமை. நான் கடமை தவறாதவன். ஞாயிறு காலை மனைவியிடம் சொன்னேன்.

"இந்தத் தொட்டி உன் உயரத்துக்குக் கட்டினது. நான் ரெண்டா மடிஞ்சு கழுவறேன். சட்டப்படி தப்பு."

"இங்க யாரு முதலாளி?"

"நீதான்."

இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

"சரிங்க. அவங்கவங்க உடம்புக்கு ஏத்த வேலை. குட்டையா இருக்கறவ கீழ, நெட்டையா இருக்கறவர் மேல."

அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"மேலன்னா?"

"ஃபேன், ஒட்டடை, பரண், ஜன்னல் உச்சி, திரைச்சீலை. உங்க தலைக்கு மேல இருக்கற எல்லாந்தான்."

தலைக்கு மேல் வேலை என்று அலுவலகத்தில் பல வருஷமாகப் பொய் சொல்லி வந்தவன் நான். அன்று அது நிஜமாயிற்று.

அண்ணாந்தே நின்றதில் மாலைக்குள் கழுத்து திரும்ப மறுத்தது. உடனே தெரிவித்தேன். கடமையல்லவா?

"கழுத்து போச்சும்மா."

"ஐயையோ! இதுக்கு உங்க பயிற்சியாளர் என்ன சொன்னாரு?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

"ஒரே வேலையை விடாம செய்யக் கூடாதாம். மாத்தி மாத்திச் செய்யணுமாம்."

"எவ்வளவு அறிவாளி மனுஷன்!" என்றாள். பாராட்டு எனக்கா, பயிற்சியாளருக்கா என்று யோசித்தபடி நிமிர்ந்தேன். முடிந்த அளவுக்கு.

"அப்போ கழுத்து வலிச்சா பாத்திரம். முதுகு வலிச்சா பரண்."

"எனக்கு ஓய்வு?"

"ஒண்ணு வேலை பார்க்கறப்போ இன்னொண்ணு சும்மாதானே இருக்கு?"

தற்சமயம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன். கழுத்து விடுமுறையில் இருக்கிறது.