வாசலுக்கு ஒரு பேர்ப் பலகை

நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஐந்து வேளை தொழுகிற மனிசி நான். பொய் சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம்.

எல்லாம் ஒரு கேஸ் சிலிண்டரால் வந்தது. அதைக் கொண்டு வந்த ஆட்டோக்காரர் வாசலில் நின்ற என் மாப்பிள்ளையை, அதுதான் என் புருசனை, பார்த்துக் கேட்டார்:

"இது ஸாதியா ராத்தாட வூடுதானே? நீங்க ஸாதியா ராத்தாட ஆளா?"

ஊருக்கே அக்காவான அந்த ஸாதியா ராத்தா நான்தான். இவர் முகம் கறுத்துப் போனது. மஹ்ரூப் என்று முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் கையெழுத்து வைத்து ஓய்வு பெற்றவர் அல்லவா?

எங்கட ஏறாவூரில் வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தான். வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டுக்கு இவர் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஊரில் எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தான். வாசலில் 'ஸாதியா மன்சில்', அதாவது ஸாதியாவின் வீடு, என்று பச்சைப் பெயின்ட்டால் எழுதிய பலகை ஒன்றையும் வாப்பா தொங்க விட்டிருந்தார். பதினொரு வருடத்துக்கு முன் வெள்ளையடிக்க வேணும் என்று இவர் அதைக் கழற்றினார். வெள்ளையடித்து முடிந்தது. பலகை திரும்பி ஏறவில்லை. நான் கேட்கவுமில்லை.

"புள்ள!" என்றார் அன்றைக்கு. "இந்த வாசல்ல 'மஹ்ரூப் மன்சில்' எண்டு வரப்போகுது. என்ட கையால வெட்டுவன்."

"எதால? கத்தியாலயா?"

"கத்தியா? ரவுட்டர்! கையில புடிக்கிற மெசின். அலகு சுத்தும். பேர் வெட்டலாம், ஓரம் உருட்டலாம். நாலு நாளா யூடியூப்ல பாக்கிறன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். வேறென்ன சொல்ல?

மட்டக்களப்பில் மெசின் விற்கிற ஸாஹிரின் கடைக்குப் போனோம். அவர் இவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டு, இரண்டு மெசினை மேசையில் வைத்தார்.

"பேர் வெட்டவா காக்கா? சின்னது காணும். ஒத்தக் கையால புடிக்கலாம். பெரிசு கதவு நிலை செய்யிற ஆக்களுக்கு."

"சின்னது விளையாட்டுச் சாமான் மாதிரி இரிக்கி. பெரிசக் காட்டுங்க."

ஸாஹிர் எத்தனை வாட் என்றார். நிமிசத்துக்கு எத்தனை சுற்று என்றார். அலகின் தண்டு கால் அங்குலமா அரை அங்குலமா என்று கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். கால் அங்குலத்துக்கும் ஓம், அரை அங்குலத்துக்கும் ஓம். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெரியதைத் தூக்கினபோது இவர் முழங்கை நடுங்கியது மட்டும் விளங்கியது.

"பெரிசையே எடுங்க," என்றேன் மெதுவாக. "நீங்க களைச்சா நான் புடிக்கிறன்."

"சின்னதப் போடுங்க தம்பி," என்றார் இவர்.

வீட்டில் முதல் நாள் சமையலறைத் தட்டுப் பலகை ஒன்றைக் கொடுத்தேன். மெசின் கத்திக்கொண்டு ஓரத்தோடு ஓடியது. இவர் அதன் பின்னால் ஓடினார்.

"ராத்தா!" வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பரீனா எட்டிப் பார்த்தாள். "காக்காவ என்ன இழுத்துக்கிட்டுப் போகுது?"

"இஞ்சாருங்க, அலகு சுத்துற பக்கத்துக்கு எதிராத் தள்ளணும் எண்டு ஸாஹிர் சொன்னாரே?" என்றேன் இவரிடம்.

"அது வேற மெசினுக்கு," என்றார். ஆனால் மறுபக்கத்தில் இருந்து தள்ளினார். ஓரம் வெண்ணெய் போல உருண்டு வந்தது.

"கை இன்னும் பழகணும்," என்று அடுத்த தட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும் கொடுத்தேன். பத்து வருடமாக என் சட்டைக் கையைக் கிழித்த ஓரங்கள் அவை.

"இன்னும் எத்தின பலகைக்குப் பழகிற?"

"மூணுதான் மிச்சம்."

பிறகு இவர் நல்ல முதிரைப் பலகை ஒன்று கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பலகை ஏறும் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

"எழுத்து வெட்டிப் பழகலயே நீங்க," என்றேன். "முதல்ல என்ட பேர வெட்டிப் பாருங்க. பழுதாப் போனாலும் என்ட பேர்தானே. மன்சிலையும் சேர்த்து வெட்டுங்க, அது ரெண்டு பேருக்கும் பொது."

அரிசிப் பெட்டியின் மூடியைக் கொண்டு வந்து, துப்புரவான பக்கம் மேலே வர நானே கிளாம்ப் பூட்டிக் கொடுத்தேன். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழமாக, மூன்று தரம் ஓட்டினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது 'ஸாதியா மன்சில்' அச்சடித்தது போல நின்றது.

"பாத்தியா புள்ள! இனி முதிரை. ஒரே வெட்டு!"

"கொஞ்சம் கொஞ்சமா…"

"கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறது பொம்புளப் பேருக்கு."

அலகை அடிவரை இறக்கினார். முதிரை இரும்பு மாதிரி மரம். 'ம' புகைந்து கரியாக வந்தது. 'ஹ்' வரும்போது மெசின் துள்ளி, பலகை குறுக்கே வெடித்து, அலகு டக்கென்று முறிந்தது. அன்றைக்கு வியாழன் பின்னேரம்.

வெள்ளிக்கிழமை தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கேஸ் கொண்டு வந்த ஆட்டோக்காரரும் நின்றார்.

"உன்ட பலகையத் தா," என்றார் இவர் குசுகுசுவென்று. "புதுசு செய்யும் மட்டும் அது தொங்கட்டும். வெட்டினது நான்தானே."

கதிரையில் ஏறிப் பலகையை நிலைக்கு மேலே வைத்தார். சுவரில் கிடந்த பழைய இரண்டு ஆணியும் பலகையின் இரண்டு ஓட்டைக்குள்ளும் தானாகப் போய் இருந்தன. திகைத்துப் போனார். கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அழுக்குக்குள்ளே பச்சைப் பெயின்ட். 'ஸாதியா மன்சில்'.

"இது… நான் கழட்டினது!"

"ஓம்."

"எங்க இருந்திச்சி இவ்வளவு நாளும்?"

"அரிசிப் பெட்டிக்கு மேல. நீங்க கேக்கல்லியே."

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தஸ்பீஹ் மணியைப் பார்த்தேன்.

"வாப்பா போட்டது வெறும் பெயின்ட்," என்றேன். "நீங்க வெட்டினது அழியாது."

வெட்டின பக்கம் வெளியே தெரிய, பலகையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.

"மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி!" என்றார் ஆட்டோக்காரர் கீழே நின்று. "ஆரு வெட்டின?"

இவர் கதிரையில் நின்றபடியே திரும்பினார்.

"ஸாதியாட ஆள்."